எறங்கற வண்டிதான் நிக்கோணும்

ஏனுங் தம்பி, அந்தப் போன் கேம் சத்தத்தைச் சித்தெ கொறைச்சுக்கறீங்களா. கோவிச்சுக்காதீங்க. காந்திபுரத்துல ஏறுனதுல இருந்து பீப்பு பீப்புன்னு கேட்டுட்டே வர்றேன். அவிநாசி தாண்டியாச்சு, இன்னும் நீங்க அதே வளைவுல வந்து வந்து மோதிட்டிருக்கீங்க. மோதறது உங்க இஷ்டம். ஆனா அது ஆரன் சத்தமுங்களா? கொசுவைப் புடிச்சுப் பாட்டிலுக்குள்ள அடைச்சாப்பல இருக்குது.

அதோட ஒரிஜினல் ஆரன் எப்படி இருக்கும் தெரியுமுங்களா. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ரோட்டுல லோடு ஏத்திட்டு நின்ன ஒரு லாரிக்காரரைக் கெஞ்சிக் கூத்தாடி, மைக்கைக் கொண்டுபோய் முன்னாடி கட்டி வெச்சு, நானே எடுத்தது. மலையில பட்டுத் திரும்பற சத்தம் தனியா, பள்ளத்துப் பக்கம் போய்க் கரையற சத்தம் தனியா. நானேன்னா நானேதானுங்க. மொதல் பக்கத்துக்குப் போங்க. போங்க, எப்படியும் மறுக்கா மோதத்தான் போறீங்க. கீழ பொடி எழுத்துல ஒரு வரி இருக்குதா? 'மூலம்: லோகநாதன், திருமூர்த்தி.' அந்த லோகநாதன் நான்தான். வேணும்னா ஆதார் அட்டையைக் காட்டறேன்.

அட, கை குடுக்கறதெல்லாம் வேண்டாமுங்க. இது நான் பண்ணுன கேம் இல்லை. நான் பண்ணுன கேமைக் கொன்னுபோட்டு, அதோட எலும்பை எடுத்து அடுக்கி வெச்சிருக்கறா ஒருத்தி. அவளைப் பார்க்கத்தான் போயிட்டிருக்கறேன். பவானி ஊருக்கு. அங்க லட்சுமி நகர் ஸ்டாப்புல எறங்கிக்குவேன். பையில வக்கீல் நோட்டீஸ் இருக்குது. இன்னைக்குப் பொழுதோட அந்தக் கேம் எங்கியும் கெடைக்காது. நீங்க வேணும்னா இப்பவே நல்லா மோதிக்குங்க.

நான் கோவக்காரன் இல்லீங்க. என்ற ஊட்டுக்காரியைக் கேட்டா வேற மாதிரி சொல்லுவா, அதை விடுங்க. ஆனா உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். ஒருத்தன் ரெண்டு வருசம் கண்ணு முழிச்சு ஒரு மலையைச் செஞ்சு வெச்சிருக்கறான். இன்னொருத்தி வந்து அதைக் கட்டங் கட்டமா வெட்டி, அஞ்சாறு கலரை மட்டும் வெச்சுக்கிட்டு மிச்சத்தைத் தூக்கி எறிஞ்சுபோட்டு, 'அன்புடன் மறு ஆக்கம்'னு போட்டுக்கறா. அவனுக்குக் கோவம் வரக் கூடாதுங்களா?

ரெண்டாயிரத்து மூணுலீங்க. சாய்பாபா காலனில ஒரு மாடி ரூம்பு. நானும் திருமூர்த்தியும். காலேஜ்ல இருந்தே ஒட்டுக்காத் திரிஞ்சவங்க, ஒரே பைக்கு, ஒரே டிபன் பாக்ஸ். ரெண்டு பேருமாச் சேர்ந்து லாரி கேம் ஒண்ணு பண்ணுனோம். 'கொண்டை ஊசி'ன்னு பேரு. திம்பம் மலை தெரியுமில்லீங்க, சத்தியமங்கலத்துல இருந்து மைசூர் போற ரோடு. அந்த வளைவு அத்தனையும் அப்படியே கம்ப்யூட்டருக்குள்ள கொண்டாந்தோம். படம் பூரா நான். புரோகிராம் அவன்.

கேமோட சட்டம் திருமூர்த்தியோட அப்பா சொன்னது. அவரு அந்த மலையில லாரி ஓட்டுனவரு. மத்த லாரி கேம்ல என்ன பண்ணுவீங்க, முந்துவீங்க, இடிப்பீங்க. இதுல முந்துனாச் செத்தீங்க. மலையில ஏறி வர்ற வண்டிக்கு எறங்கற வண்டி நின்னு வழி விடோணும். லோடோட ஏறி வர்றவன் நடு வளைவுல நின்னுட்டா மறுக்கா எடுக்கறது செரமம், பொறகால உருண்டுருவான். அதனால எறங்கறவன்தான் ஓரங்கட்டி நிக்கோணும். அதுதான் மலை ரோட்டு மொறை. நீங்க மோதிட்டே இருக்கறதுக்கும் அதுதானுங்க காரணம். உங்குளுது எறங்கற வண்டி. நீங்க நிக்கறதே இல்லை. இருக்கட்டும், இந்தக் கேமுக்கு நான் ஒண்ணும் வழி சொல்லித் தர மாட்டேன்.

என்ற படத்தைப் பத்திச் சொல்றேன் கேளுங்க. வளைவுக்கு வளைவு எறங்கிப் பாறையைப் போட்டோ எடுத்துட்டு வந்தேன். மேல இருந்து எண்ணுனா ஒம்பதாவது வளைவுல ஒரு பாறை வெச்சேன், பாசி புடிச்சு, தண்ணி கசிஞ்சுட்டே இருக்கும். அந்தக் கசிவுக்கு மட்டும் ஒரு மாசம் உக்காந்தேன். மூங்கில் எலை ஒண்ணொண்ணும் தனித்தனியா ஆடும். பனி மேல இருந்து எறங்கி ரோட்டுல படியும், லைட்டைப் போட்டா அதுக்குள்ள வெளிச்சம் அப்படியே பரவும். பார்த்தவங்க குளிருதுன்னாங்க. சத்தியமாங்க, பங்குனி மாசத்துல ஒருத்தரு குளிருதுன்னு சொன்னாரு.

இப்ப இவ பண்ணியிருக்கறதைப் பாருங்க. போனைக் காட்டுங்க. மூங்கில்னா மூணு பச்சைக் கோடு. பாறைன்னா ஒரு சாம்பல் கட்டம். பனின்னா வெள்ளைக் கட்டம், அதும் விட்டு விட்டு. ஒரு மாசம் உக்காந்து நான் பண்ணுன தண்ணிக்கு ஒரு நீலப் புள்ளி. ஒரே ஒரு புள்ளிங்க.

இப்ப இதுக்குன்னே ஒரு கூட்டம் திரியுது தம்பி. பழைய கேமை எடுத்துப் புதுசு பண்ணுனா அது நாயம். படத்தைத் தெளிவாக்கறது, சத்தத்தைக் கூட்டறது, ஒத்துக்கறேன். இவங்க தலைகீழு. நல்லா இருக்கற கேமை எடுத்து, அதுக்கும் முந்துன காலத்துல டிவில கேசட்டைச் சொருவி வெளையாடுவோமே, அந்த லெவலுக்கு எறக்கறது. கேசட்டுக்குள்ள அடங்கோணும்னு சத்தத்தை வெட்டறது, கலரை வெட்டறது. அதுல போட்டி வேற நடத்தறாங்க, யாரு எச்சாக் கொறைச்சாங்கன்னு. புது ஊடு கட்டுனவன் எவனாச்சும் செவுத்துல கரியைப் பூசிட்டு 'இப்பத்தான் லட்சணமா இருக்குது'ன்னு சொல்லுவானுங்களா? இவங்க சொல்றாங்க. அதுக்குக் கைத்தட்டறதுக்கும் ஆளு இருக்குது.

நான் இப்ப ஊட்டு எலிவேஷன் போட்டுத் தர்றேனுங்க. ஊடு கட்டறதுக்கு முன்னாடியே கட்டி முடிச்சா எப்படி இருக்கும்னு படம். பில்டருங்க வாங்கிட்டுப் போவாங்க. வாசல்ல ஒரு வேப்ப மரம், அது கீழ நெழலு, நெழல்ல ஒரு காரு. ஊட்டைக் கட்டி முடிச்சுப் பார்த்தா மரம் வெக்கறதுக்கு எடமே இருக்காது, அது அவங்க பாடு. படம்னா அப்படி இருக்கோணும். அப்படி ஒரு படம் குடுக்கப் போன எடத்துலதான் பில்டரோட மருமகன் போனை நோண்டிட்டு உக்காந்திருந்தாரு. "அண்ணா, உங்க பேரு லோகநாதன்தானுங்களே. இதுல ஒரு லோகநாதன் வருது பாருங்க"ன்னாரு. பார்த்தேன். போனை அவரு கையில இருந்து வாங்கிட்டேன். திருமூர்த்தி பேரும் பக்கத்துலயே இருந்துச்சு. ரெண்டு பேரையும் ஒரே வரியில போட்டிருக்கறா, நடுவுல ஒரு கமாவை வெச்சு.

அந்த வாரம் பூரா அதோட வீடியோவைத் தேடித் தேடிப் பார்த்தேனுங்க. வெளையாடலை. அதை நான் தொட மாட்டேன். மத்தவங்க வெளையாடறதை அரையுங் கொறையுமாப் பார்த்துப்போட்டு, கீழ ஆளாளுக்கு எழுதியிருக்கறதைப் படிச்சேன். அதெல்லாம் படிக்கற பழக்கமே எனக்கு இல்லை. மொத்தத்தையும் படிச்சேன். கோபியில இருந்து ஒருத்தரு, தாராபுரத்துல ஒரு டீச்சரம்மா, துபாய்ல கிரேன் ஓட்டறவரு ஒருத்தரு. 'சின்ன வயசுல வெளையாண்டது அப்படியே இருக்குது'ன்னு எழுதறாங்க. அப்படியேவாம். 'அந்த நீலப் புள்ளியைப் பார்த்ததும் அழுதுட்டேன்'னு கிரேன்காரரு எழுதறாரு. டீச்சரம்மா 'அந்தக் கை, அந்தக் கை, மறக்கவே முடியாது'ங்கறாங்க. எந்தக் கையிங்க? என்ற கேம்ல கையே கெடையாது. அங்கதான் நான் கண்டுபுடிச்சேன், இவங்க சொல்றது பூராப் பொய்யின்னு. ஒருத்தரு அவுத்து விட்டதை மத்தவங்க புடிச்சுக்கிட்டாங்க.

கை கதையைச் சொல்லோணுமா? அது ஒரு கருமாயமுங்க, படாத பாடு. மலையில நீங்க நின்னு வழி விட்டீங்கன்னா, ஏறிப் போறவன் சும்மா போக மாட்டான். கையைத் தூக்கிட்டுப் போவான். ஆட்டறதெல்லாம் இல்லை, சும்மா ஒரு தூக்கு. அது கேம்ல இருந்தே ஆகோணும்னு திருமூர்த்திக்கு ஒரே புடிவாதம். "நின்னவனுக்கு வேற என்ன லோகு கெடைக்குது, அது ஒண்ணுதான்"பான். சரின்னு நானும் எறங்குனேன். என்ற கையையே முன்னாடி வெச்சுக்கிட்டு, நகம், ரேகை, முட்டி, அத்தனையும் போட்டேன். மாசக் கணக்குல போட்டேன். அந்தக் கையை லாரிக்குள்ள வெச்சா ஸ்டியரிங்கைத் தொளைச்சுக்கிட்டு வெளிய வருது. சரி பண்ணுனாக் கண்ணாடியைத் தொளைக்குது. ஒரு பக்கம் இருந்து பார்த்தா வெட்டிப்போட்ட கையாட்டம் தனியாக் கெடக்குது. தூக்கிப்போட்டேன். அரைகுறையா ஒண்ணை வெக்கறதுக்கு இல்லாமயே இருக்கலாம். அது என்ற கொள்கை. வெளையாண்டு பார்த்தவங்க "நின்னோம், லாரி போச்சு, அப்பறம் என்னங்க"ன்னு கேட்டாங்கதான். அவங்களுக்கு ரசனை பத்தலை.

சரி, அந்தப் பொண்ணுகிட்ட வர்றேன். சவுடேஸ்வரின்னு பேரு. பவானியில இ-சேவை மையம் வெச்சிருக்கறா. நம்பரைப் புடிச்சுப் போன் போட்டேன். எடுத்த எடுப்புலயே, "ஏன் அம்மணி, என்ற மலையை எதுக்கு இப்படிக் கட்டங் கட்டமா வெட்டி வெச்சிருக்கற"ன்னு கேட்டேன். அவ பதறவே இல்லீங்க. "லோகநாதண்ணங்களா? நெசமாலுமே நீங்கதானுங்களா?"ன்னு கேக்கறா. பக்கத்துல இருக்கறவங்ககிட்ட வேற சொல்றா, "கொண்டை ஊசி அண்ணன் பேசறாரு"ன்னு. எனக்கு இன்னும் பத்திக்கிட்டு வந்துச்சு.

"நான் எதையும் வெட்டலீங்ணா"ங்கறா. "இந்த எடத்துல மொதல்ல எங்க மாமன் பிரவுசிங் சென்டர் வெச்சிருந்தாருங்ணா. பள்ளிக்கூடம் விட்டு வந்து இங்கதான் வெளையாடுவேன். நான் பார்த்த மலை இப்படித்தான் இருந்துச்சுங்ணா. கட்டங்கட்டமாத்தான். கலரைக் கொறைச்சதும் கேசட் சத்தம் வெச்சதும் மட்டுந்தான் என்ற வேலை."

"அப்படி இருக்காது அம்மணி. அதுல மூங்கில் எலை ஆடும்."

"எலையெல்லாம் இல்லீங்ணா. மூணு பச்சைக் கோடு. மூணே கோட்டுல மூங்கில்னு தெரிய வெச்சாரு பாருன்னு எங்க மாமன் சொல்லிட்டே இருப்பாரு. பனிக்கு வெள்ளைக் கட்டத்தை விட்டு விட்டு வெச்சிருந்தீங்களே, அதை எப்படி யோசிச்சீங்கன்னு உங்ககிட்டக் கேக்கோணும்னு எத்தனை வருசமா இருந்தேன்."

என்னைப் பாராட்டறாளாமுங்க. நான் பண்ணாததுக்கு. அப்பத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. இது அவன் வேலை. திருமூர்த்தி வேலை. இருபது வருசம் கழிச்சு எனக்கு வெளங்குது, என்ற முதுகுக்குப் பொறகால என்ன நடந்துச்சுன்னு.

வெவரமாச் சொல்றேன். என்ற மலை தெரியோணும்னா கம்ப்யூட்டர்ல கிராபிக்ஸ் கார்டுன்னு தனியா ஒரு அட்டை மாட்டியிருக்கோணும். அன்னைக்கு அது எல்லாருகிட்டயும் கெடையாது. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? இவன் எனக்குத் தெரியாம, கார்டு இல்லாத மெஷினுக்குன்னு ஒரு சாதா மோடு எழுதி வெச்சிருந்தான். மலையைக் கட்டங்கட்டமாக் காட்டற மோடு. படமெல்லாம் அவனே போட்டது. ஒரு கோடு நேராப் போடத் தெரியாதவனுங்க அவன்.

ஆர்.எஸ்.புரத்துல ஒரு ஓட்டல் ஹால்ல கேமை வெளியிட்டோம். ரெண்டு மெஷின். ஒண்ணு என்றது, கார்டு போட்டது. இன்னொண்ணு சிடி கடைக்காரரு கொண்டாந்தது, அதுல கார்டு இல்லை. தொறந்தாக் கட்டங்கட்டமா வருது. ஒருத்தரு குனிஞ்சு பார்த்துப்போட்டு, "இது செங்கச் சூளைங்களா"ன்னு கேட்டாரு. என்னைப் பார்த்துக் கேக்கறாரு தம்பி. எனக்கு அங்கியே பூமி பொளந்து உள்ள போயிரலாமான்னு இருந்துச்சு.

அதோட போச்சா. என்ற மெஷின்கிட்ட வந்தவங்க அத்தனை பேரும் "அடேங்கப்பா, அழகு"ன்னாங்க. சொல்லிப்போட்டு அந்தக் கட்ட மெஷினுக்குப் போயிட்டாங்க. டீ குடுக்க வந்த ஆளு தட்டை வெச்சுப்போட்டு அங்க நின்னு வெளையாடறாரு. கேள்வி கேட்டாரே செங்கச் சூளைக்காரரு, அவரு சேரை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாரு, "இருங்க இருங்க, அவன் ஏறி வர்றான்"ன்னு பக்கத்து ஆளை அதட்டறாரு. என்ற மெஷின்ல பனி எறங்குது, எலை ஆடுது, பார்க்க ஒரு நாதி இல்லை. இதை விட ஒரு மனுசனை அவமானப்படுத்த முடியுமுங்களா?

அன்னைக்கே கேட்டேன். "ஒண்ணு அந்த மோடு இருக்கோணும், இல்லை நான் இருக்கோணும்."

"கார்டு யாருகிட்ட லோகு இருக்குது?"ன்னான் அவன்.

"இல்லாதவன் வாங்கட்டும்"னேன். தப்புங்களா அது? தியேட்டருக்கு வர்றவன் கண்ணாடி போட்டுட்டு வரோணும், படத்தை மங்கலா எடுக்க முடியாது.

அந்தக் கட்ட மெஷினை அணைச்சான். அப்பறம், "சரி லோகு. நீ பார்க்கற எடத்துல அது இருக்காது"ன்னான். மெனுவுல இருந்து எடுத்துப்போட்டான். அடுத்த மாசம் ஓசூர்ல வேலைன்னு கெளம்பிட்டான். அதோட சரி. என்ற மக காதுகுத்துக்கு அவனுக்குப் பத்திரிகை வெக்கலை. அவன் ஊட்டு விசேசத்துக்கு அவனும் எனக்கு வெக்கலை. அந்த டிபன் பாக்ஸோட மேல் அடுக்கு மட்டும் என்ற ஊட்டுல கெடக்குது.

நீ பார்க்கற எடத்துல இருக்காது. வார்த்தையைப் பார்த்தீங்களா? நானும் பெருந்தன்மையாப் போயிட்டான்னுதான் நெனைச்சிருந்தேன். ஆனா அவன் மெனுவுல மட்டுந்தான் எடுத்திருக்கறான். கார்டு இல்லாத மெஷின்ல போட்டாத் தானாத் தொறக்கற மாதிரி உள்ள வெச்சுப்போட்டான். என்ற மெஷின்ல கார்டு இருக்குது. நான் எங்கிருந்து பார்க்கறது? சிடியைக் கடைகடையாக் குடுத்தோம், ஒருத்தன் காசு குடுத்து வாங்கலை. திருட்டு சிடி போட்டு ஊரு ஊராப் பரப்பிட்டானுங்க. பவானி, கோபி, தாராபுரம், எந்தப் பிரவுசிங் சென்டரையும் விடலை. யாருக்கும் புடிக்காமப் போன கேமை எதுக்குடா திருடுனீங்கன்னு நான் இன்னைக்கும் கேக்கறேன்.

ஆக, என்ற மலையை எவனும் பார்க்கலை. அவன் கட்டத்தைத்தான் அத்தனை பேரும் பார்த்திருக்கறாங்க. பார்த்துப்போட்டு அழுவாங்களாம். எனக்கு வயிறு எரியுது தம்பி. வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. ரெண்டு வருசம் நான் செஞ்ச மலை ஒண்ணு இருந்துச்சு, அதைப் பார்த்தவன்னு சொல்லிக்க இந்த ஒலகத்துல நான் ஒருத்தன்தான் இருக்கறேன்.

இந்தப் பொண்ணு அவனையும் புடிச்சு அனுமதி கேட்டிருக்கறா. அவன் என்ன சொன்னானாம் தெரியுமுங்களா? "லோகு சரின்னா எனக்குச் சரி. அது அவன் மலை"ன்னானாம். அவன் மலை. கொழுப்பைப் பார்த்தீங்களா? பெரிய மனுசனாட்டம் சொல்லிப்போட்டானுங்க. அது என்ற மலைன்னா, எதுக்குடா அதுல கட்டத்தைப் போட்ட? இன்னைக்கு அவனும் வர்றானாம், ஓசூர்ல இருந்து. வரட்டும். கேக்கறதுக்கு வெச்சிருக்கறேன் நெறைய.

நோட்டீஸ் தேவையில்லீங்ணான்னா அந்தப் பொண்ணு. "நேர்ல வாங்ணா. ஒரே ஒரு வாட்டி உக்காந்து வெளையாண்டு பாருங்க. அப்பறமும் எடுக்கோணும்னு சொன்னீங்கன்னா உங்க முன்னாடியே எடுத்துப்போடறேன்"னா. "வர்றேன், வெளையாடறதை மட்டும் கேக்காத அம்மணி"ன்னேன். அவ சிரிக்கறா. என்ன சிரிப்புன்னு தெரியலை. நோட்டீஸை நான் எடுத்துட்டுத்தான் வந்திருக்கறேன்.

பெருந்துறை தாண்டிருச்சுங்களா? சரி சரி, இன்னும் இருக்குது.

பாருங்க, மறுக்கா மோதிட்டீங்க. அத்தனை சொல்லியுமா. நிக்கோணும்னு சொன்னனே, எங்க நின்னீங்க? ஆரனைக் கேட்டதும் இன்னும் வேகமாப் போறீங்க. குடுங்க இங்க. குடுங்க தம்பி, உங்களைப் பார்த்தா எனக்குக் கையி பரபரங்குது. நான் வெளையாடலீங்க. எங்க நிக்கோணும்னு காட்டிப்போட்டுக் குடுத்தர்றேன். அந்தப் பொண்ணு சொன்ன கணக்குல இது சேராது.

இந்தப் பாருங்க. எறங்கிட்டு வர்றோம். எட்டாவது வளைவு. ஒடிக்கறோம். இது ஒம்பதாவது. இதா, நீலப் புள்ளி. ஆமா, பாறைக்குச் சரியா வலது பக்கத்துல வெச்சிருக்கறான், நான் வெச்ச எடத்துலயே. சொட்டுது வேற. அதைக் கூட விடலை திருட்டுப்பயல். எதுத்தாப்புல செவப்புக் கட்டம் ஒண்ணு ஏறி வருதா? ஆரன் அடிக்கறான் கேளுங்க. இப்ப என்ன பண்ணோணும்? ஓரங்கட்டு. பிரேக்கு. நின்னாச்சு. இவ்வளவுதானுங்க, ஒரு பெரிய விசயமே இல்லை. அவன் பாட்டுக்குப் போவான். போறான் பாருங்க. போறான்.

என்னதுங்க அது?

இல்லீங்க, அந்த லாரிக் கண்ணாடியில. ஒரு கட்டம் மேல போயிட்டுக் கீழ வந்துச்சு. நீங்க பார்த்தீங்களா? இருங்க. அடுத்த வண்டி வரட்டும். பேசாதீங்க. நின்னாச்சு. வர்றான். பக்கத்துல வந்துட்டான்.

கையிங்க அது. கையைத் தூக்கறான்.

ஒரே கட்டமுங்க. நகம் இல்லை, ரேகை இல்லை, வெரலே இல்லை. ஒரு கட்டம் மேல போகுது, அவ்வளவுதான். அது கையின்னு எனக்கு எப்படிங்க தெரியுது? எங்கிட்டச் சொல்லவே இல்லை தம்பி அவன். நான் மாசக்கணக்குல அந்தக் கையோட மல்லாடிட்டிருந்தப்ப, பக்கத்துச் சேர்ல உக்காந்து பார்த்துட்டே இருந்தான். டீ வாங்கிட்டு வந்து வெச்சான். நான் தூக்கிப்போட்டேன். எடுத்து இங்க வெச்சுப்போட்டான். சொல்லியிருந்தா நான் விட்டிருக்க மாட்டேன். அது நெசம். அதுக்காகச் சொல்லாம இருக்கறதா?

நான் எங்கீங்க கையைத் தூக்குனேன்? கம்பியைப் புடிக்கப் போனேன். பஸ்ஸு ஆடுதில்லீங்க.

ஏனுங் தம்பி, ஒண்ணு கேக்கறேன். அந்தப் பொண்ணு இதை எடுத்துப்போட்டா உங்க போன்ல இருக்கறதும் போயிருமுங்களா? போகாதா. புதுசா யாருக்கும் கெடைக்காது, அவ்வளவுதான். ம். அந்த டீச்சரம்மா போன் மாத்துனாங்கன்னா? அப்பப் போயிருமா. இல்லீங்க, சும்மா கேட்டேன். ஒரு வெவரத்துக்கு.

இருங்க, இன்னொரு வளைவு. இதுல ரெண்டு வண்டி சேர்ந்தாப்பல ஏறும், நீங்க பண்ணுனா ரெண்டாவதுல மோதிருவீங்க.

என்னங்க இது, ஆறு தெரியுது? காவேரிப் பாலமா? அப்ப லட்சுமி நகரு? ஏனுங் கண்டக்டர், லட்சுமி நகர்னு கூப்புடவே இல்லையே நீங்க. ரெண்டு தடவை கூப்புட்டாராம். எனக்குக் கேக்க வேண்டாமுங்களா? தம்பி, நீங்களாச்சும் தட்டிச் சொல்லியிருக்கலாம். லட்சுமி நகர்னு நான் ஏறுனதுல இருந்து சொல்லிட்டு வர்றேன். எல்லாரும் ஒண்ணு சேர்ந்துதான் பண்றீங்க.

அது என்ற போனுங்க அடிக்கறது. சட்டைப் பையில. நீங்களே எடுங்க, என்ற கையி சும்மா இல்லை. சவுடேஸ்வரின்னு போட்டிருக்குதா? எடுங்க. இல்லை, வேண்டாம். சரி, எடுத்துக் கேளுங்க. குமாரபாளையத்துல எறங்கித் திரும்பி வர்றாருன்னு சொல்லுங்க. நோட்டீஸைப் பத்தி ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க.

என்ன, ஆம்பளைக் கொரலா? லோகு எங்கடான்னு கேக்கறானா?

சித்தெ இருக்கச் சொல்லுங்க அவனை. ஒம்பதாவது வளைவு தாண்டி எறங்கிட்டிருக்கறேன், எதுத்தாப்புல லோடு வண்டி ஏறிட்டு வருது, ஓரங்கட்டி நிக்கறேன்னு சொல்லுங்க. அப்படியே சொல்லுங்க. அவனுக்குத் தெரியும்.